தாய்மாமன் சீரில் ஒரு சிப்ஸ் கோபுரம்

வைகாசி வெயில் எப்படின்னு சாக்லேட்டைக் கேட்டாத்தான் தெரியும். அன்னூருக்கு அந்தாண்டை, எங்க நாத்தனார் வீட்டுக் குலதெய்வக் கோவில் வாசல்ல வேன் நின்னதும் நான் முதல்ல தொட்டுப் பார்த்தது சாக்லேட் தட்டைத்தான். கணபதியில தட்டு அலங்கரிச்ச கடையில இருந்து வர்ற வழியெல்லாம் ஏசியை முழுசா வெச்சு, நாங்க எல்லாரும் வெறைச்சுக்கிட்டு, அதைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில வெச்சுக் கொண்டுவந்தோம். இறக்கி வேப்பமரத்து நிழல்ல வெக்கிறதுக்குள்ள ஓரமெல்லாம் இளகிப்போச்சு.

அன்னிக்குக் கவினுக்குக் காதுகுத்து. கவின், என் வீட்டுக்காரரோட தங்கச்சி சுமதிக்கு ஒரே பையன். கணபதியில வீடு. அப்பாவுக்குப் பக்கத்துத் தெருவுலயே லேத்துப் பட்டறை, சுமதிக்கு ஒரு பனியன் கம்பெனியில கணக்கு வேலை.

பதினொரு வயசுல காதுகுத்தான்னு கேக்காதீங்க. கோவில் கும்பாபிஷேகத்தை யார் முன்ன நின்னு நடத்துறதுன்னு அவங்க பங்காளிகளுக்குள்ள ஒரு சண்டை. அது தீர்ந்து, கோபுரத்துக்கு வண்ணம் அடிச்சு, கும்பாபிஷேகம் முடியட்டும்னு காத்திருந்ததுல பையன் வளர்ந்துட்டான். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்தணும்கிறது முறை. கவின் உக்கார்ந்தா மாமன் திரும்ப எந்திரிப்பாராங்கிறதுதான் எங்க எல்லாருக்கும் கவலை.

தாய்மாமன் என் வீட்டுக்காரர். காங்கேயத்துல தேங்காய் எண்ணெய் மில் வெச்சிருக்கிறவர். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவங்களுக்கு அவரைப் பத்திச் சொல்லவேண்டியதில்லை. புதுசா வர்றவங்களுக்கு ஒரே வரி: தங்கமான மனுசன், சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அன்னிக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெத்தியில சந்தனம். கோவிலுக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் ஒவ்வொருத்தரையும் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்ச் சீர்த்தட்டைக் காட்டினார்.

காட்டாம என்ன பண்ணுவார்? நடுவுல நின்னது சிப்ஸ் கோபுரம். என் இடுப்பு உயரம். பச்சை, சிவப்பு, ஊதான்னு நிறம் நிறமா சிப்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கடுக்கா வெச்சு, உச்சியில கலசத்துக்குப் பதிலா ஒரு கலர் பாட்டில். அதுக்கு ஒரு பக்கம் கப் நூடுல்ஸ் ரயில். இன்னொரு பக்கம் சாக்லேட் மயில். பின்னாடி ஜூஸ் டப்பாவெல்லாம் சேர்த்து ஒட்டின படகு. தேங்காய், பழம், வெத்தலை பாக்குத் தட்டும் இருந்துச்சு, ஓரமா, யாரும் பார்க்காத எடத்துல.

சுமதி அப்பத்தான் கோவிலுக்குள்ள இருந்து வெளிய வந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். அண்ணன் சீர் கொண்டாந்திருக்குதேன்னு முகம் மலரும்னு நான் நினைச்சேன். ஈயாடலை முகத்துல.

நேரா வந்து என் கையைப் புடிச்சு, சமையல் பந்தலுக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போனாள். அங்க கெடா கட்டியிருந்தது, எங்களைப் பார்த்துக்கிட்டே தழை தின்னுச்சு. எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டியை நங்கைன்னு கூப்பிடுறது வழக்கம்.

"நங்கை, அதுல ஒண்ணு கூட அவன் வாயில படக்கூடாதுங்க" ன்னாள்.

ஸ்கேன்ல தெரிஞ்சது

விசயம் இதுதான். பொங்கலுக்கு முன்னாடி இருந்தே கவினுக்கு அடிக்கடி வயித்து வலி. சூடு, அஜீரணம்னு கை வைத்தியமெல்லாம் பார்த்துட்டு, கடைசியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கா. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பையனுக்கு ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குதுன்னு சொல்லிட்டார். குடிக்கிறவங்களுக்குத்தானே அது வரும்னு சுமதி கேட்டிருக்கா. இப்பெல்லாம் குழந்தைகளுக்கும் வருதும்மா, வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன்னாராம் அவர். பாக்கெட் தீனி, கலர் தண்ணி எல்லாத்தையும் இப்பவே விட்டா சரியாகிடும், விடலைன்னா பின்னாடி ரொம்பக் கஷ்டம்னும் சொல்லியிருக்கார்.

அன்னையில இருந்து சுமதி பட்டபாடு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது. பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் நூடுல்ஸ் கேட்டு அழுதிருக்கான். மொதல் வாரமெல்லாம் தட்டைத் தள்ளி விட்டிருக்கான். ஸ்கூல் பையில ஒளிச்சு வெச்சுத் தின்னு மாட்டியிருக்கான். அப்புறம் மெள்ள மெள்ள அவனே பழகிக்கிட்டான். கடை வந்தா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு நடக்கக் கத்துக்கிட்டான். ஒரு நாள் மட்டும் ஒரு பிறந்தநாள் விருந்துல ஒரு வாய் வெச்சுட்டு, அப்புறம் ஒரு வாரம் விட முடியாம தவிச்சிருக்கான்.

"ஒண்ணு தின்னா மறுக்காவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமுங்க நங்கை. எனக்குத் தெம்பில்லை" ன்னு அழுதாள்.

ஏன் இதையெல்லாம் எங்ககிட்ட மறைச்சேன்னு கேட்டேன். மாமியார் வீட்டுல யாருக்குமே தெரியாதாம், புருசனைத் தவிர. தெரிஞ்சா, இவ வேலைக்குப் போறா, பிள்ளைக்குப் பாக்கெட்டைக் குடுத்து வளர்த்திருக்கான்னு ஊரெல்லாம் பேச்சாகிடும். எங்களுக்குத் தெரிஞ்சா அண்ணன் காரை எடுத்துக்கிட்டு வந்து, என்ற மாப்ளைய என்ன செஞ்சு வெச்சிருக்கீங்கன்னு அவங்க வாசல்லயே எகிறுவார். அதுவும் உண்மைதான். எகிறுவார்.

அந்தக் கோபுரம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

எண்ணெய் ஆட்டுற வீட்டுல

கொஞ்சம் பின்னாடி போறேன், பொறுத்துக்குங்க.

நாங்க எண்ணெய் வியாபாரம் பண்றவங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சு மோந்து பார்த்தாலே, இது எந்தக் களத்துக் கொப்பரை, எத்தனை நாள் காஞ்சதுன்னு சொல்லிடுவார். கலப்படம்னா அவருக்கு மூக்கு வேர்த்துடும். அப்படிப்பட்டவர் வீட்டுல, அவரு பெத்த மக யாழினி, என்ன எண்ணெய்ன்னே தெரியாத ஒண்ணுல பொரிச்ச சிப்ஸைத்தான் சாயங்காலம் பொழுதோட டிவி முன்னாடி உக்கார்ந்து தின்னுவா. களத்துல கொப்பரை மலை மாதிரி காயுது. அவ அதைத் தாண்டிக்கிட்டு கடைக்குப் போவா.

யாழினி இப்ப பிளஸ் ஒன். அவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப, உள்ள பொம்மை வெச்ச சாக்லேட் முட்டைக்கு அழுவா. சாக்லேட்டைத் தின்னுட்டு பொம்மையை வீசுவாளா, பொம்மையை வெச்சுக்கிட்டு சாக்லேட்டை வீசுவாளான்னு பார்த்தா, ரெண்டையும் செய்யமாட்டா, இன்னொண்ணு வேணும்பா. ஆறாவது போனதும் நூடுல்ஸ். எட்டாவதுல கலர் தண்ணி. இப்ப என்னடான்னா, கண்ணுல தண்ணி வர்ற காரத்துல வெளிநாட்டு நூடுல்ஸாம். அதைச் சிநேகிதிங்க எல்லாம் ஒண்ணா உக்கார்ந்து யாரு தண்ணி குடிக்காம முடிக்கிறாங்கன்னு பந்தயம் வெச்சுத் தின்னு, வீடியோ எடுக்குதுங்க. மூக்கு ஒழுக ஒழுக.

நான் திட்டாம இல்லை. தொண்டை காய்ஞ்சதுதான் மிச்சம். சோத்துக்குக் கூப்பிட்டா பசிக்கலைம்பா. பசிக்காது, எப்படிப் பசிக்கும்? வாயைத் தொறந்தா மசாலா வாசம்.

ஊருக்குள்ள சின்னக் கடையில கூட இப்ப மிட்டாய் ஜாடி கிடையாது. வாசல்ல தோரணம் மாதிரி பாக்கெட்டுத்தான். காலையில பஸ்ஸுக்கு நிக்கிற எங்க மில் ஆளுங்க பிள்ளைங்க கையிலயும் ஒண்ணு, காருல போற முதலாளி பிள்ளைங்க கையிலயும் ஒண்ணு. இந்த ஒரு விசயத்துல மட்டும் காங்கேயத்துல ஏழை பணக்கார வித்தியாசம் இல்லைன்னு ஒரு தடவை என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். நல்ல விசயம்தானே புள்ளன்னார். இவர்கிட்டப் போய்ப் பேசினேன் பாருங்க.

தட்டு மாறின கதை

எங்க கொங்கு நாட்டுல தாய்மாமன் சீர்னா சும்மா இல்லை. மாமன் என்ன கொண்டுவந்தான், எத்தனை தட்டு, எந்தத் தட்டு முன்ன வந்துச்சுங்கிறதைப் பத்து வருசம் கழிச்சும் பேசுவாங்க. சீரைத் திருப்பி அனுப்புறதும், தொடாம வெக்கிறதும் மாமன் முகத்துல அடிக்கிற மாதிரி. அதுல பேச்சு நின்னுபோன குடும்பமெல்லாம் எனக்குத் தெரியும்.

என் கல்யாணத்துல தட்டுன்னா வெல்லம், அரிசி, பருப்பு, தேங்காய், பழம், புடவை. அதுக்கப்புறம் பிஸ்கட் நுழைஞ்சுது. பிஸ்கட் பின்னாடியே சாக்லேட் வந்துச்சு. கொரோனாவுக்கு அப்புறம் நான் போன விசேஷத்துல எல்லாம் பாக்கெட்டுத்தான். கணபதியில ஒரு கடை இருக்குது, தட்டு வாடகைக்குக் குடுத்து, அலங்காரமும் அவங்களே செஞ்சு குடுப்பாங்க. அந்தக் கடைக்காரப் பொண்ணு ஒரு ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினாள். சிப்ஸ்ல தேர், சாக்லேட்ல வீணை, நூடுல்ஸ்ல ரயில். பழத்தட்டு ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டேன். அதெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்லைங்க அக்கா, போட்டோவுல எடுப்பா இருக்காதுன்னாள்.

எங்க வீட்டுக்காரர் ஆல்பத்தைப் பார்க்கலை. அவருக்குத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே கவினுக்குப் போன் போட்டு, மாப்ளை, மாமன் சீருல உனக்கு என்னென்ன வேணும்னு கேட்டுட்டார். அது ஸ்கேன் எடுக்கிறதுக்கு முன்னாடி, மார்கழியில. பையன் சந்தோசத்துல மூச்சு விடாம ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். சிப்ஸ்ல எந்த நிறப் பாக்கெட், நூடுல்ஸ்ல எந்த ருசி, எல்லாம் அதுல இருந்துச்சு. மனுசன் அந்த மெசேஜை அழிக்காம வெச்சிருந்து, கடைக்காரப் பொண்ணுக்குப் போட்டுக் காட்டி, ஒண்ணு விடாம வாங்கிட்டார். மருமவன் வாய் தொறந்து கேட்டதை மாமன் கொண்டு வரலைன்னா எப்படின்னு என்கிட்ட பீத்திக்கிட்டார்.

நானும் கூட நின்னு, கோபுரம் இன்னும் கொஞ்சம் உசரமா இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னவதான்.

மடியில மாப்ளை

இப்பக் கோவிலுக்கு வாங்க.

சுமதி கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாள். நான் பந்தலுக்குப் பின்னாடி கெடாவோட தனியா நின்னேன். வீட்டுக்காரரைத் தனியாக் கூப்பிட்டுக் காதுல போட்டுடலாம்னு போனேன். அவரைச் சுத்திக் கூட்டம். ஏனுங்க, சித்த இங்க வாங்கன்னு கூப்பிட்டேன். இரு புள்ள, வாரேன்னு கையைக் காட்டிட்டு, யாரோ ஒருத்தருக்கு நூடுல்ஸ் ரயிலோட எஞ்சினைக் காட்டப் போயிட்டார். திரும்பக் கூப்பிடறதுக்குள்ள மேளம் ஆரம்பிச்சுடுச்சு. அந்தச் சத்தத்துல காதுல என்ன, மைக்குல சொன்னாலும் கேட்டிருக்காது.

தட்டுகளைத் தூக்கிக்கிட்டுக் கோவிலைச் சுத்தி வந்தோம். கோபுரத்தை ரெண்டு ஆளு புடிச்சாங்க. சாமிக்கு முன்னாடி எல்லாத்தையும் வரிசையா வெச்சோம். கவின் மொட்டைத் தலையில சந்தனத்தோட வந்தான். தட்டுகளைப் பார்த்தான். அந்தக் கண்ணை நான் மறக்கமாட்டேன். பசிச்சவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

மாமன் மணையில உக்கார்ந்து மடியைக் காட்டினார். பையன் உக்கார்ந்தான். மாமன் முகத்துல ஒரு நொடி வலி வந்து போச்சு, சிரிச்சு மழுப்பிட்டார். ஆசாரி காதுல பொட்டு வெச்சுப் பார்த்து, ஒரே குத்து. பையன் அலறினான். மறு காது. இன்னும் பெரிய அலறல்.

வழக்கமா அந்த நேரத்துல வாயில வெல்லத்தை வெப்பாங்க, இல்லாட்டி வாழைப்பழம். அழுகை நிக்கும். ஆனா போட்டோகிராபரும் எங்க வீட்டுக்காரரும் முன்னாடியே பேசி வெச்சிருந்தாங்க போல. மாமன் கையை நீட்டிக் கோபுரத்துல இருந்து ஒரு பச்சைப் பாக்கெட்டை உருவி, பல்லுல கடிச்சுக் கிழிச்சார். மசாலா வாசம் கோவில் முழுக்க அடிச்சுது. பையனோட அழுகை பட்டுனு நின்னுபோச்சு. மாமன் ஒரு சிப்ஸை எடுத்து அவன் வாய்க்கு நேரா கொண்டுபோனார். கேமரா கிட்ட வந்துச்சு. கவின் அம்மாவைத் தேடினான். அவள் கற்பூரத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா.

பையன் வாயைத் தொறந்தான்.

நான் என்ன செய்யறேன்னு யோசிக்கலைங்க. போய் என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் புடிச்சுட்டேன். அத்தனை பேரு முன்னாடி. சிப்ஸ் பையன் நெஞ்சுச் சந்தனத்து மேல விழுந்துச்சு. மேளக்காரர் கூட நிறுத்திட்டார்.

நான் சொன்ன முறை

புருசன் கையைச் சபையில புடிச்சுத் தடுத்தவள்னு பேரு வாங்கிட்டா அப்புறம் எங்க பக்கம் பொழைக்கிறது கஷ்டம். அவர் முகம் செவந்துபோச்சு. என்ன புள்ள இதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டார். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. நிஜத்தைச் சொல்ல முடியாது. சும்மா நிக்கவும் முடியாது. வாயில வந்ததைச் சொன்னேன்.

"காது குத்தின பிள்ளை அவன் சீருல இருக்கிறதைத் தின்னக்கூடாதுங்க. வெல்லம்தான் வெக்கணும். காது ஆறுற வரைக்கும் கடைப் பண்டம் எதுவும் ஆகாது. எங்க பொறந்த வீட்டுல, பெருந்துறைப் பக்கம், அதான் முறை."

அப்படி ஒரு முறை எந்தப் பக்கமும் கிடையாது. என் காது குத்தினப்ப எனக்குக் கடை மிட்டாய்தான் குடுத்தாங்கன்னு எங்க அம்மா சொல்லியிருக்காங்க.

கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு. அந்த நேரம் பார்த்து என் மக யாழினி, அறிவாளி, அந்தக் காலத்துல பாக்கெட்டே இல்லையேம்மா, அதுக்கு எப்படி முறை இருக்கும்னு கேட்டா பாருங்க.

காப்பாத்தினது சுமதியோட சின்ன மாமனார். அவங்க குடும்பத்துல முறை தெரிஞ்சவர்னு அவருக்குத்தான் பேரு. பந்தக்காலை எந்தத் திசையில நடணும்கிறதுல இருந்து பந்தியில யாரு முதல்ல உக்காரணும்கிறது வரைக்கும் அவரைத்தான் கேப்பாங்க. தனக்குத் தெரியாத ஒரு முறையைக் காங்கேயத்துல இருந்து வந்த ஒரு பொம்பளை சொல்றதை அந்த மனுசனால தாங்க முடியலை. தொண்டையைக் கனைச்சார்.

"அம்மணி சொல்றது சரிதானுங்க. எங்களுக்கும் அந்த முறை உண்டு. ஆனா காது ஆறுற வரைக்கும் இல்லை. ஒரு வருசம். மறு வருசம் கெடா வெட்டுற வரைக்கும்."

அப்புறம் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. ஒருத்தியோட அண்ணன் மகனுக்கு இப்படித்தான் பிஸ்கட்டைக் குடுத்து, காதுல சீழ் வெச்சு, ஆறவே இல்லையாம். இன்னொருத்தி வீட்டுல ஒண்ணரை வருசமாம். எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. சுமதி கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். பார்த்தா ரெண்டு பேரும் அழுதுடுவோம்.

கவினுக்கு வெல்லம் ஊட்டினாங்க. போட்டோகிராபருக்குத்தான் முகம் தொங்கிப்போச்சு.

சீர் சீரா ஏத்துக்கிட்டாச்சு, மாமன் மானம் போகலை. தட்டுல இருந்ததை என்ன செய்யறது? மத்த பிள்ளைங்களுக்குப் பங்கு போட்டாங்க. கெடா விருந்து முடியறதுக்கு முன்னாடியே கோபுரம் காலி. வாழை இலையில கறியும் சோறும் போட்டு வெச்சிருக்க, பிள்ளைங்க எல்லாம் வேப்பமரத்தடியில பாக்கெட்டோட உக்கார்ந்திருந்துச்சுங்க, யாழினியும் சேர்த்து. மரத்தைச் சுத்திப் பாக்கெட் குப்பை பறந்துச்சு. என்னால ஒருத்தனைத்தான் காப்பாத்த முடிஞ்சது. பந்தியில அவன் மட்டும் பெரியவங்களோட உக்கார்ந்து, காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே ரெண்டாவது தடவை சோறு வாங்கினான்.

அவிநாசி தாண்டினதும்

தட்டு வேனைக் கடைக்கு அனுப்பிட்டு, எங்க காருல திரும்பி வர்றப்ப அவர் முறுக்கிக்கிட்டு ஓட்டினார். யாழினி பின்சீட்டுல காதுல பாட்டு மாட்டியிருந்தா. அவிநாசி தாண்டினதும் நான் எல்லாத்தையும் சொன்னேன். ஸ்கேன், டாக்டர், சுமதி பந்தலுக்குப் பின்னாடி அழுதது.

வண்டியை ஓரங்கட்டிட்டார். கத்துவார்னு நினைச்சேன், இப்பவே திருப்பி கணபதிக்கு விடுவார்னு பயந்தேன். ஒண்ணும் செய்யலை.

"என்ற மாப்ளைக்கு நானே என்ற கையால ஊட்டப் போனேனே புள்ள" ன்னார்.

எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மனுசன் கண் கலங்கி நான் பார்த்தது அன்னிக்குத்தான். எனக்கும் தாங்கலை. தங்கச்சி என்கிட்டச் சொல்லலையேங்கிறதும் அவருக்கு ஒரு வலி. சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களான்னு கேட்டேன். யாழினி பாட்டைக் கழட்டிட்டு, எல்லாத்தையும் கேட்டிருக்கா. கையில இருந்த பாக்கெட்டை என்ன செய்யறதுன்னு தெரியாம வெச்சுக்கிட்டு இருந்தா. மறு நாள் அதைத் தின்னாள்ங்கிறதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தங்கச்சிக்குப் போன் போட்டார். ஸ்கேன் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. மாப்ளைக்குக் காது வலிக்குதான்னு மட்டும் கேட்டார். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் காதைப் பத்தியே பேசினாங்க.

முறை ஊரைச் சுத்துது

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சுமதி யாருக்குப் பயந்து ஒளிச்சாளோ, அந்த வீடே காவலுக்கு நின்னுச்சு. சின்ன மாமனார் தெருமுனைக் கடைக்காரர்கிட்டயே போய், எங்க பையனுக்குக் குலதெய்வக் கட்டு இருக்குது, பாக்கெட் எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்துட்டார். மாமியார் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தாங்க. ஸ்கூல்ல யாராச்சும் நீட்டினா, எனக்குக் காது குத்தியிருக்குது, ஆகாதுன்னு கவின் சொல்லிடுவானாம். சாமி விசயம்னு பசங்களும் கட்டாயப்படுத்த மாட்டாங்களாம்.

போன ஐப்பசியில உக்கடத்துக்குப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம். பந்தியில என் பக்கத்துல உக்கார்ந்திருந்த முன்னப்பின்னத் தெரியாத ஒரு அம்மா, காது குத்தின பிள்ளைக்கு ஒரு வருசம் கடைப் பண்டம் ஆகாது, பழைய முறைங்க, இப்ப யாருக்குத் தெரியுதுன்னு எனக்கே விளக்கிச் சொன்னாங்க. ஆமாங்கன்னு தலையை ஆட்டினேன். வேற என்ன செய்ய?

இதை எழுதலாமான்னு சுமதிகிட்டக் கேட்டேன். பேரையும் ஊரையும் மாத்திட்டு எழுதுங்க நங்கைன்னாள். மாத்திட்டேன். சின்ன மாமனார் படிச்சாலும் கவலையில்லை. யாரோ ஒரு குடும்பம்னு நினைச்சு, எங்களுக்கும் இதே முறைதான்னு பக்கத்துல இருக்கிறவர்கிட்டச் சொல்லுவார்.

இந்தச் சித்திரையில

பரீட்சை லீவுக்குக் கவின் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். கொஞ்சம் இளைச்சு, உசரம் போட்டிருக்கான். போன மாசம் ஸ்கேன்ல கொழுப்பு குறைஞ்சிருக்குதாம், முழுசாப் போகலை, இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

பொழுதோட களத்துல கொப்பரையைக் கூட்டிக் குவிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் பக்கத்துல வந்து உக்கார்ந்து, ஒரு கொப்பரையை எடுத்துக் கடிச்சுக்கிட்டே, வைகாசி வந்தா ஒரு வருசம் ஆயிப்போகுதுங்களா அத்தைன்னு கேட்டான். ஆமாங் கண்ணு, கெடா வெட்டியாச்சுன்னா கட்டு முடிஞ்சுது, அப்புறம் உன்ற இஷ்டம்னு சொன்னேன். அவன் சந்தோசப்படுவான்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

பையன் மெல்றதை நிறுத்திட்டான்.

"அந்த முறையை நீங்களா சொன்னதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க அத்தை" ன்னான். "கடைப் பக்கம் போனா எனக்கு இன்னும் வாய் ஊறுது. முறைன்னு ஒண்ணு இருந்தா நான் வேண்டாம்னு சொல்லிப்போடுவேன். இல்லாட்டி என்னால முடியாதுங்க. வேற ஏதாச்சும் முறை இருந்தா சொல்லுங்க அத்தை."

நாங்க எல்லாரும் சேர்ந்து ஏமாத்திக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம்னு நினைச்சது அவனைத்தான். அவன் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அந்தப் பொய்யைக் கையில புடிச்சுக்கிட்டு, ஒரு வருசமா தனியா நடந்து வந்திருக்கான். கையில இருந்த கூட்டுமாறைக் கீழ போட்டுட்டு அவன் தலையைப் புடிச்சு என் தோள்ல சாய்ச்சுக்கிட்டேன்.

இருக்குது கண்ணு, இன்னொரு முறை இருக்குதுன்னு சொன்னேன். என்ன முறைங்கன்னு கேட்டான். நாளைக்குச் சொல்றேன்னேன். சரிங்க அத்தைன்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

நாளைக்கு, நாளைக்குன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வைகாசி பொறக்க அதிக நாள் இல்லை. உங்க பக்கம் அப்படி ஏதாச்சும் முறை இருந்தா எழுதிப் போடுங்க. இல்லாட்டியும் பரவாயில்லைங்க, புதுசா ஒண்ணு சொன்னாலும் சரி.